நிமிர்ந்து நின்ற வானம்

பட்டறை ஜன்னலைத் திறந்ததும் நான் கத்தியே விட்டேன். மேசைமேல் மல்லாந்து கிடக்க வேண்டிய ஓவியப் பலகை, தாங்கியில் நிமிர்ந்து நின்றது. அதிலிருந்த வானம் வழிந்திருந்தது.

உங்களுக்கு இது புதிதாக இருக்கும், கண்ணுகளா. நீலக் கண்ணாடிப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசினால், காயும்வரை படத்தைப் படுக்கப்போட வேண்டும். நிமிர்த்தினால் பொடி தன் கனத்திலேயே கீழே இறங்கிவிடும். ஹார்லெம் ஊரில் வண்ணம் அரைக்கிற என்னைப் போன்ற வேலைக்காரிக்கே தெரிந்த சங்கதி அது. முந்தின நாள் மாலை நானும், அந்த வானத்தைப் போட்ட என் எஜமானி நேல் அம்மாவும் வெளுக்கப் போட்ட துணியை எடுக்கப் போயிருந்தோம். அந்த நேரத்தில் கோவர்ட் வந்து படத்தில் ஆட்களைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நிலமும் வானமும் ஒருவர் கை, அதில் நடமாடும் மனிதர்கள் இன்னொருவர் கை என்பது எங்கள் ஊர் வழக்கம். கோவர்ட், நேல் அம்மாவின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. இருட்டிய பிறகு திரும்பிய நாங்கள் பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று காலை ஓவியர் சங்கத்துப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. படம் தேறினால் பட்டறை நேல் அம்மாவின் பெயரில் நிற்கும். இல்லையென்றால் கொழுந்தன் பட்டறையில் கூலிக்கு மரம் வரையப் போக வேண்டியதுதான்.

கோவர்ட் முன்னதாகவே வந்துவிட்டார்.

"அடடா! படுக்க வைக்க மறந்துட்டேனே அண்ணி."

"முப்பது வருஷமா மறக்காத கை, நேத்து மட்டும் மறந்துச்சாக்கும்?"

"வயசாவுதில்ல? பொம்பள போட்ட வானம், அதான் அழுவுது." சிரித்தார். "என் பட்டறையில ஒரு மூலை காலியாத்தான் இருக்கு. நீங்க மரத்தப் போடுங்க, நான் பேரப் போட்டுக்கறேன்."

"அந்த மூலையில உன் பூனையக் கட்டு."

நேல் அம்மா படத்தின் எதிரே நின்றார். புருஷனைக் கொண்டுபோய்ப் புதைத்த நாளிலிருந்து அவர் பார்த்த வானமெல்லாம் சாம்பல்தான். பெரியவர்களுக்கு வெயில் பிடிக்கும் என்று கொழுந்தன் சொன்னதை நம்பித்தான் என்னிடம் நீலம் கேட்டார். போட்டபோதும் அதில் அவர் மனம் ஒட்டவில்லை. இப்போது அந்த நீலம் கோடு கோடாக இறங்கி, படத்தில் புல்மேல் விரித்திருந்த நீள வெள்ளைத் துணிகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவற்றின் நடுவே கோவர்ட் போட்ட இரண்டு பெண்கள் சிவப்பு ரவிக்கையும் இடுப்பில் கையுமாக வெயிலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கந்தலை எடுத்து அவர்களைத் துடைத்தார்.

"ஏய்! அது என் கை!"

"கொட்டுற மழையில நின்னு பல்லக் காட்டுறாளுங்க. எவன் நம்புவான்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "கரி எடுடி. வெள்ளையும்."

இரண்டையும் குழைத்து, வழிந்த நீலத்தின்மேல் மேகத்தை இழுத்தார். ஆட்களைப் போட்டுப் பழகாத கைதான். முகம் வரவில்லை. முகமே வேண்டாம் என்று விட்டார். குனிந்த இரண்டு முதுகுகள் மட்டும், நனையும் துணியை அவசர அவசரமாகச் சுருட்டின. தூரிகையின் பின்முனையால் ஈர வண்ணத்தில் தன் பெயரைக் கீறினார். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

இரண்டு பேர் வந்தார்கள். இளையவர் கோவர்ட்டைப் பார்த்துத் தலையசைத்தார். கிழவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு படத்தருகே போனார். வெளியே சுள்ளென்று வெயில். நேல் அம்மாவின் விரல்களில் கரி காயாமல் இருந்தது.

கிழவர் தன் கழுத்துப்பட்டியை இழுத்து மூடினார். பிறகு, பார்வையைப் படத்திலிருந்து எடுக்காமலே, தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.