ஆள் இல்லாத நேரத்தில் குறைந்த மெமரி

துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் குவே சாலையில் ஷேக் அலாவுதீன் நடத்திவந்த கப்பல் சரக்கு ஏஜென்சியில் இண்டர்நெட் மறுபடியும் நின்றுபோனது. கணக்குப் பிரிவில் இருந்த கமலாம்பிகை எழுந்துபோய், அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஏன் நின்றது, ஏன் சரியானது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. ஆபீஸுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நின்று, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்து அனுப்பும் ஃபயர்வால் அது. அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த கதிர்காமநாதன் என்ற இன்ஜினியர் சனிக்கிழமைகளில் வந்து அதை அமைத்துக் கொடுத்திருந்தான். அதன்பின் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பகுதி நேரமாகக் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தவள் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கமலாம்பிகையிடம் வந்து சேர்ந்தது.

அது ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் மெயில் போவது தாமதமாகும். பிறகு பக்கங்கள் பாதியில் நிற்கும். கடைசியில் எதுவுமே நகராது. அந்தக் கம்ப்யூட்டரில் மெமரி எவ்வளவு மீதி இருக்கிறது என்று கேட்டால் அது ஓர் எண்ணைக் காட்டும். அணைத்துத் திரும்பப் போட்ட உடனே அந்த எண் பெரிதாக இருக்கும். நாள் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துவரும். ஓட்டைப் பானையில் தண்ணீர் இறங்குவது போல இறங்கியது. ஆனால் ஓட்டை எங்கே என்றுதான் தெரியவில்லை.

வெப்பத்தினால் இருக்கலாம் என்று ஒரு மின்விசிறி வைத்தாள். கடல் காற்றின் உப்பு உள்ளே படிந்திருக்கலாம் என்று திறந்து துடைத்தாள். மெமரி சிப்பையே மாற்றிப் பார்த்தாள். எண் குறைவது மட்டும் நிற்கவில்லை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, அதற்குமேல் என்ன வேண்டும் என்று ஷேக் அலாவுதீன் கேட்டார். கொஞ்ச நாளில் அவளும் அப்படியே நினைக்கத் தொடங்கினாள்.

பிறகு டிசம்பரில் இறால் கண்டெய்னர் விஷயம் நடந்தது. ஏற்றுமதிப் பத்திரங்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் லைன் நின்றது. அவள் அவசரத்தில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் பாதி போன பத்திரம் அப்படியே அறுந்துபோனது. கப்பல் கண்டெய்னரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. வாடிக்கையாளர் ஆபீஸுக்கே வந்து எல்லோர் எதிரிலும் முதலாளியை ஏசிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஷேக் அலாவுதீன் கமலாம்பிகையை அறைக்குள் கூப்பிட்டார்.

"மதியத்துல ஜெயராஜ் நெட்டுலயே உட்கார்ந்திருக்கான். எல்லாத்தையும் அவன்தான் அடைக்கிறான். அவன் கேபிள கழட்டிரு லா."

ஜெயராஜ் சுங்கப் பத்திரங்களைப் பார்ப்பவர். ஜெலுத்தோங்கில் வீடு. அவருடைய ஒரே மகள் குணவதி தாதிப் படிப்புக்காக லண்டன் போயிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அவளுக்கு மெயில் எழுதுவார், அவள் எழுதியதை இரண்டு மூன்று தடவை படிப்பார். கமலாம்பிகைக்கு இது தெரியும். ஆனாலும் முதலாளி சொன்னது தவறு என்று காட்ட அவளிடம் எதுவும் இல்லை. ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம் என்றும் தோன்றியது. ஜெயராஜ் எதிரிலேயே குனிந்து கேபிளைக் கழற்றினாள். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி இடம் விட்டார்.

அதிலிருந்து அவர் பத்திரங்களை டிஸ்கில் போட்டு எடுத்துவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போவார். மதியத்தில் சூலியா தெருவில் இருந்த ஒரு சைபர் கஃபேக்குப் போகத் தொடங்கினார்.

எண் இறங்குவது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்பைவிட வேகமாக இறங்கியது.

கமலாம்பிகைக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அதிகம் பயன்படுத்தியவரை நீக்கிய பிறகு எப்படி அதிகம் குறையும்? மாலையில் வீட்டுக்குப் போகுமுன் எண்ணைப் பார்த்துக்கொண்டாள். காலையில் முதல் ஆளாக வந்து திரும்பப் பார்த்தாள். யாருமே இல்லாத அந்த நேரத்துக்குள் எண் நன்றாகச் சிறுத்திருந்தது. வெளியிலிருந்து யாரோ உள்ளே வருகிறார்கள் என்று பயந்து, மாலையில் வெளி லைனையே பிடுங்கிவிட்டுப் போனாள். காலையில் அப்போதும் சிறுத்திருந்தது. தான்தான் எண்ணைத் தவறாகப் படிக்கிறேனோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

அந்த வருஷம் சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. அந்த வாரம் முழுக்க ஆபீஸ் மூடியிருந்தது. மூடுவதற்கு முன் அவள் ஃபயர்வாலை அணைத்துப் போட்டு எண்ணைப் பெரிதாக்கி வைத்துவிட்டுப் போனாள். விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் பதில் இல்லை. ஒரு மனிதரும் தொடாத வாரத்தில் மெமரி முழுக்கத் தீர்ந்து அது செத்திருந்தது.

அப்போதுதான் அவள் யோசனை வேறு பக்கம் திரும்பியது. ஆள் இருந்தால் மெதுவாகக் குறைகிறது. ஆள் இல்லாவிட்டால் வேகமாகக் குறைகிறது. அப்படியானால் பயன்படுத்துவதால் குறையவில்லை, பயன்படுத்தாமல் இருப்பதால்தான் குறைகிறது. இது பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும், எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது தங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவள் மட்டும் ஃபயர்வால் முன்னால் நின்றாள். எண் அவள் கண்ணெதிரே இறங்கியது. அவர்கள் வந்து கம்ப்யூட்டர்களைப் போட்டதும் இறங்கும் வேகம் குறைந்தது. ஜெயராஜின் கேபிளையும் தற்காலிகமாகச் செருகிப் பார்த்தாள். முழுக்க நின்றது.

ஃபயர்வாலுக்குள் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். மெயிலை நிறுத்தினாள், பயனில்லை. நடப்பதைப் பதிவு செய்யும் புரோகிராமை நிறுத்தினாள், பயனில்லை. மிச்சம் இருந்ததில் ஒன்றின் பெயர் அவளுக்கு விளங்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அதை நிறுத்தியதும், எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்திருந்தபோதுகூட எண் அசையாமல் நின்றது.

சிங்கப்பூருக்குப் போன் போட்டாள். கதிர்காமநாதன் அந்தப் பெயரைக் கேட்டதும் சற்றுத் தயங்கினான்.

"அது நான் எழுதினது அக்கா. முதலாளி கேட்டாரு. யார் யார் கம்ப்யூட்டர் எப்ப நெட்டுல இருக்குன்னு பார்க்கணும்னாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னாரு."

அந்தப் புரோகிராம் சதா ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிட்டுப் பார்க்கும் என்று விளக்கினான். பதில் வந்தால் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். பதில் வராவிட்டால் காத்திருப்பதற்கென்று மெமரியில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரியை எழுத மறந்துபோயிருக்க வேண்டும் என்றான். மன்னிப்பும் கேட்டான். என்ன அனுப்பினார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்று அதற்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியாது, கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்பது மட்டும்தான் தெரியும் என்றான்.

போனை வைத்தபோது, தேடிய ஓட்டை கிடைத்துவிட்ட நிம்மதி அவளுக்கு வரவில்லை. அடுத்த அறையில் இருக்கிறவர் இத்தனை காலம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதுதான் மனதில் ஓடியது.

ஷேக் அலாவுதீன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். முதலில் அவருக்கு அந்தப் புரோகிராமே ஞாபகம் வரவில்லை. வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய வாடிக்கையாளர் வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டார், நம்முடைய விலை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, உள்ளே யாரோ சொன்னார்கள் என்று நினைத்தேன் என்றார்.

"என்னையும் சந்தேகப்பட்டீங்களா முதலாளி?"

"எல்லாரையும்தான். அப்ப யார நம்புறதுன்னே எனக்குத் தெரியலமா."

"அதுல என்ன தெரிஞ்சுச்சு?"

"நான் ஒரு தடவகூட தொறந்து பார்க்கல. எப்படி தொறக்குறதுன்னு அந்தத் தம்பி சொல்லிக் குடுத்தான். மறந்துட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் கோபப்படுவதா, சிரிப்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை. புரோகிராமை அழித்துவிடும்படியும் ஜெயராஜின் கேபிளைப் போட்டுவிடும்படியும் அவர் சொன்னார். விலையை யார் வெளியே சொன்னது, அல்லது யாருமே சொல்லவில்லையா என்பது அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

அவள் ஜெயராஜிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கேபிளைக் கழற்றியதற்கு வருந்துவதாகவும் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய கம்ப்யூட்டர் பதில் சொல்லாததால்தான் மெமரி வேகமாகப் போனது என்ற இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். ஆனால் மறுநாள் மதியமும் குடையை எடுத்துக்கொண்டு சூலியா தெருவுக்குத்தான் கிளம்பினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

"இன்னும் கோவமா அண்ணே? இங்க இப்ப ஒண்ணும் பிரச்சன இல்லயே" என்று கமலாம்பிகை ஒருநாள் கேட்டாள்.

"கோவம்லாம் இல்ல கமலா. அங்க உட்கார்ந்தா மக கூட மட்டும் பேசுற மாதிரி இருக்கு. இங்க அப்படித் தோண மாட்டேங்குது."

இங்கே யாரும் எதையும் படிக்கவில்லை என்று அவள் மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள். அது அவருக்கும் தெரியும் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷேக் அலாவுதீன் தொழுகைக்குப் போகும் வழியில் ஜெயராஜ் மேசை அருகே நின்றார். மகள் படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லா படிக்கிறா முதலாளி" என்றார் ஜெயராஜ். கேட்டதற்கு நன்றி என்பதுபோல் எழுந்து நின்றுதான் சொன்னார். முதலாளி மேசைக்கு அடியில் இருந்த கேபிளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

கமலாம்பிகை இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குள் சரியாகிவிட்டதா, இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஜெயராஜ் சைபர் கஃபேக்குக் கொடுக்கும் சில்லறை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மழை வருமா என்று அவளிடம் கேட்டார். வரும் போலத்தான் இருக்கிறது என்றாள்.