கரையான்சாவடிக் காற்றில் பொட்டாசியம்

இந்த உலகத்தில் எந்தப் புகையும் உதயகுமாரிடமிருந்து தப்ப முடியாது. இதை உதயகுமாரே சொன்னான். நாலு வருடமாக வளிமண்டல வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவன் சொல்வதால், வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

"ஒரு சிட்டிகை காத்து போதும் பாய். எந்தத் தெருவுல எவன் இன்னாத்தக் கொளுத்துனான்னு கதவு நம்பரோட சொல்லிடுவேன்."

கேட்டுக்கொண்டிருந்த நஜீர், கரையான்சாவடியில் முட்டைக்கடைக்காரர். பயபக்தியோடு தன் வீட்டு மொட்டைமாடியைக் கொடுத்தார். அங்கே காற்றை உறிஞ்சும் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. உள்ளே ஒரு வெள்ளைத் தாள். ஒரு நாள் முழுக்க ஊர்க்காற்றை வடிகட்டியதும் தாள் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் கறையைப் பிரித்து, காலையில் பூந்தமல்லியை மறைக்கும் புகைமூட்டத்தில் லாரிக்கு எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு என்று பாகப்பிரிவினை செய்வதுதான் ஆராய்ச்சி.

முதல் வாரத் தாள்களில் லாரியும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. பொட்டாசியம் மட்டும் பொங்கி வழிந்தது. அப்படியென்றால் பக்கத்திலேயே யாரோ எதையோ எரிக்கிறார்கள். ஆராய்ச்சி நெறியாளர் மதிவதனி கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பூந்தமல்லிக் காத்தா, யார் வீட்டு அடுப்பா? ஏழு நாள் சுத்தமான தாள் கொண்டா. இந்த மாசத்தோட உன் பிஎச்.டி. பதிவு முடியுது, ஞாபகம் இருக்கா?"

குற்றவாளியைப் பிடிக்க விஞ்ஞானம் தேவைப்படவில்லை. அன்றைக்கு மாலை மாடிப்படி இறங்கினால் போதுமாக இருந்தது. நஜீரின் மனைவி ஷம்ஷாத் கொல்லையில் முட்டை அட்டையைக் கொளுத்திக் கொசு விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, கற்காலமா? கொசுவுக்குப் பயந்து நுரையீரலைக் கொளுத்துறீங்க! படிச்சவன் எவனாச்சும் இந்த வேலை செய்வானா?"

"படிச்சவனான்னு பாத்தா கொசு கடிக்குது தம்பி?"

ஆனாலும் அவள் ஒத்துக்கொண்டாள். தீப்பெட்டியை மாடிப்படித் திட்டில் வைத்துவிட்டாள். ஆறு மாலைகள் அந்த வீட்டில் புகை இல்லை. குழந்தை ஹிபாவின் கன்னம் பணியாரச் சட்டி போலாயிற்று. நஜீர் முட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது தன்னைத்தானே அறைந்துகொண்டதில் ஒரு அட்டை முட்டை கீழே போயிற்று. "படிப்புக்குப் போச்சு, விடு" என்றார். தினமும் காலையில் தாளை மாற்றிவிட்டுக் கிளம்பிவிடும் உதயகுமார், மாலையில் நடந்த இந்தத் தியாகங்களைக் காதால் மட்டும் கேட்டு மகிழ்ந்தான்.

ஏழாம் நாள் மாலை கரண்ட் போயிற்று. பெட்டி நின்றால் தாள் செல்லாது. நஜீர் போன் செய்ததும் உதயகுமார் பைக்கில் பேட்டரியைத் தூக்கிவந்து பூட்டினான். அது எப்போது காலை வாருமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்தான். கரையான்சாவடியின் மாலை ஆறரையைப் புகையில்லாமல் அவன் நேரில் சந்திப்பது அதுவே முதல் முறை.

அவனுடைய முந்நூறு பக்க ஆய்வில் கொசு என்ற சொல் எங்கும் இல்லை. கொசுக்களும் அதைப் படித்திருக்கவில்லை. பத்து நிமிடம் சொறிந்தான். இருபதாவது நிமிடம் ஆடினான்.

"தம்பி, மேல கை தட்டுற சத்தம் கேக்குதே?" என்றாள் ஷம்ஷாத், கீழேயிருந்து.

"தாள் சூப்பரா வந்துகினு கீதுக்கா. அதான்."

மாடி மூலையில் ஆறு நாள் அட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்தான். எச்சில் தொட்ட விரலைத் தூக்கிக் காற்றின் திசையைக் கணித்தான். பெட்டிக்கு எதிர்ப்பக்கம்தான் அடித்தது. நாலு வருடப் படிப்பு. அரை அட்டைதானே? ஓசைப்படாமல் படியிறங்கித் தீப்பெட்டியை எடுத்துவந்து பற்றவைத்தான்.

புகை எழுந்தது. நிமிர்ந்து நின்றது. பிறகு யாரோ கூப்பிட்டாற்போலத் திரும்பி, நிதானமாகப் பெட்டிக்குள் போயிற்று.

உதயகுமார் குறிப்பேட்டைத் திறந்தான். 'மாலை 6.52. அருகில் புகை. எரித்தவர்: தெரியவில்லை.'

ஒரு கொசு காதருகே பாடியது. மிச்ச அரை அட்டையையும் மெதுவாக நெருப்பில் வைத்தான்.