அடுப்படிக்கு ஆனிக்ஸ்

கல்லக்காவின் வீட்டு அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. முன்பு இருந்தது. கார் வாங்கியதும் அந்தப் பக்கம் ஷெட் எழுப்பி, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். காருக்கு மழை படக்கூடாதாம். மனுஷிக்கு வெளிச்சம் படாவிட்டால் பரவாயில்லையாம்! அன்றிலிருந்து பட்டப்பகலிலும் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டுதான் வெங்காயம் நறுக்குகிறாள். வேறு பக்கம் ஒரு ஜன்னல் வைக்கலாமே என்று அவள் கேட்கும்போதெல்லாம் கணவர் "பார்க்கலாம்" என்பார். அவர் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். அது தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

கல்லக்கா என்பது அவள் வேலை பார்க்கும் இடத்தில் வைத்த பெயர். வீட்டுத் தரைக்கும் சுவருக்கும் கல் விற்கும் பெரிய ஷோரூம் அது. வருகிறவர்களை, வெளிச்சம் ஊடுருவும் ஆனிக்ஸ் கல் பலகைகளின் முன்னால் நிறுத்தி, பின்னாலிருக்கும் விளக்கின் சுவிட்சைத் தட்டுவாள். மங்கலாகக் கிடந்த கல் தேன் நிறத்தில் உள்ளேயிருந்து எரியத் தொடங்கும். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள். அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் விற்றுவிட்டு, சாயங்காலம் அவள் தன்னுடைய இருட்டறைக்குத் திரும்புவாள். வயிறு எரியாதா? எரிந்தது.

கடையை வேறு இடத்துக்கு மாற்றியபோது, விற்காமல் தங்கிய இரண்டு ஆனிக்ஸ் பலகைகளை முதலாளி அவளுக்கே கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே பாறையில் அடுத்தடுத்து அறுத்தவை. லாரியிலிருந்து அவை இறங்கும்போதே, அடுப்படியில் ஜன்னல் இருந்த சுவருக்கு ஒன்று என்று கல்லக்கா மனசுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

வீட்டில் சபை கூடியது. மாமியார், கணவர், கணவரின் சித்தப்பா. இந்தச் சித்தப்பாவுக்கு முழக்கோல் என்று பட்டப்பெயர். எந்தக் காலத்திலோ நாலு வீடு கட்டிக் கொடுத்தவர், அதிலிருந்து உலகத்தில் உள்ள எல்லாச் சுவரும் தன் சுவர் என்று நினைப்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். கல் இரண்டும் ஹாலுக்குத்தான் என்று அவர் தீர்ப்புச் சொல்ல, மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லக்கா விடவில்லை. ஹாலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று வாதாடினாள். முதலில் ஹாலில் ஒன்றை மாட்டுவோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார் கணவர். பார்க்கலாமாம்!

முழக்கோல் வேலையில் இறங்கினார். கல்லக்கா படித்துப் படித்துச் சொன்னாள். விளக்குப் போடும் கல்லுக்கு முதுகில் எதுவும் ஒட்டக்கூடாது, ஓரத்தில் மட்டும் இரும்புச் சட்டம் போட்டு ஸ்க்ரூவில் நிறுத்த வேண்டும், சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஓரத்தைப் பிடித்தால் இவ்வளவு பெரிய கல் நிற்குமா, நீ விற்கிறவள்தானே, கட்டுகிறவளா என்று அவர் சிரித்தார். சுவரில் விளக்கு நாடாவை ஒட்டினார். டைல்ஸுக்கு வைப்பதுபோலக் கல்லின் முதுகெல்லாம் சிமெண்டை உருண்டை உருண்டையாக அள்ளி அப்பி, ஓங்கி அழுத்திவிட்டார்.

சிமெண்ட் காய்ந்ததும் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டார்கள். முழக்கோல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து சுவிட்சைத் தட்டினார். கல் எரிந்தது. கூடவே சிமெண்ட் அப்பிய இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. அம்மை போட்ட முகம் தோற்றது போங்கள். மாமியாரின் தங்கை, இது புது டிசைனா என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். முழக்கோல் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் அதைப் பெயர்த்து எடுக்கப் பார்த்தார், கல் துண்டு துண்டாகத்தான் வந்தது.

கல்லக்கா அழவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. எல்லோரும் வெளியே போயிருந்த ஒரு நாள் பார்த்து லீவு போட்டாள். கடையில் கல் பொருத்துகிறவர்களை வரவழைத்து, அடுப்புக்கு நேர் எதிரே, ஜன்னல் இருந்த சுவரில், மேடையிலிருந்து கூரைவரைக்கும் மிச்சமிருந்த கல்லை நிறுத்தினாள். சட்டம், ஸ்க்ரூ, இடைவெளி, எல்லாம் முறைப்படி. விளக்கைப் போட்டாள். டியூப்லைட்டை அணைத்தாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

திரும்பி வந்தவர்கள் குதித்தார்கள். மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழக்கோலுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. முறைப்படி மாட்டியதால் ஸ்க்ரூவைக் கழற்றினால் கல் முழுசாக வந்துவிடுமே! சேதமில்லாமல் எடுத்து ஹாலில் இதேபோல நிறுத்தினால் போன மானம் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு, போய் டிரில் மெஷினை எடுத்து வந்தார்.

கணவர் குரலைத் தணித்துத்தான் பேசினார். "கொஞ்சம் யோசிச்சுப் பாரு. இவ்வளவு அழகான கல்ல அடுப்படியில வச்சா யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கப் போறேன்" என்றாள் கல்லக்கா.

கணவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஆள் அந்த அடுப்படியில் நிற்பது அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் முழக்கோல் அதற்கெல்லாம் அசைகிற ஆளா? நகரும்மா என்று சொல்லிக்கொண்டே முதல் ஸ்க்ரூவில் மெஷினை வைத்தார்.

கல்லக்கா நகர்ந்தாள். கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக நறுக்கினாள். ஆனிக்ஸுக்குப் புளிப்பு ஆகாது. பட்ட இடத்தில் பளபளப்புச் செத்துவிடும், துடைத்தாலும் போகாது. கல் வாங்குகிறவர்களிடம் அவள் முதலில் சொல்லும் எச்சரிக்கையே அதுதான். இன்று அவளே அரைப் பழத்தைக் கல்லின் நட்டநடுவில் வைத்து, கண்ணாடி துடைக்கிற மாதிரி வட்டமாக அழுத்தித் தேய்த்தாள். சாறு வழிந்து மேடைவரைக்கும் கோடு இழுத்தது. கொஞ்ச நேரத்தில் ஈரத்தைத் துடைத்தபோது, தட்டு அகலத்துக்கு ஒரு வெளுத்த தடம் தெரிந்தது. விளக்கு என்னவோ பின்னாலிருந்து அதே தேன் நிறத்தில்தான் எரிந்தது.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார் மாமியார்.

"இனிமே இது விருந்தாளி பாக்குற கல்லு இல்ல அத்தை. புழங்குற கல்லு."

முழக்கோல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மெஷின் இன்னும் கையில் இருந்தது. "இதெல்லாம் ஒரு விஷயமா? ஹால்ல மாட்டினப்புறம் பாலிஷ் போட்டா போயிடும்."

"போடுங்க மாமா" என்றாள் கல்லக்கா, மிச்சப் பாதிப் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. "நீங்க போடப் போட நான் தேய்ப்பேன்."