பித்தளைத் தாங்கி

"அன்னிக்கு நீ பறந்த பறப்புல, தூள்ல காந்தம் ஓட்டக்கூட நேரமில்ல. அப்படியே உருக்கி ஊத்திட்டேன்" என்று சொல்லிச் சிராஜ் சிரித்தான். சஃப்ரீன் கையிலிருந்த டீ தளும்பிச் சுட்டது.

தாராவியில் அண்ணன் சிராஜின் பட்டறைக்குப் பழைய குழாய், பூட்டு, கடைசல் தூள் எல்லாம் கலந்தடித்துத்தான் வரும். உருக்கும் முன் காந்தத்தை உள்ளே ஓட்டி இரும்பைப் பொறுக்கிவிடுவார்கள். அவள் ஆராய்ச்சி செய்யும் செம்பூர் ஆய்வகத்தில் மாதிரியைப் பிடித்துவைக்கும் தாங்கி உடைந்தபோது, புதிது வர மாதக்கணக்காகும் என்று அவள் அண்ணனைக் கெஞ்சி, காந்தம் ஒட்டாத பித்தளையில் ஒன்று வார்த்து வாங்கினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் கூடவா இருந்துவிடும்?

அவள் அளந்தது ஒரு விசித்திரமான படலம். அதன் உள்ளே மின்சாரம் ஓடாது, மேல்தோலில் மட்டும் ஓடும். அந்தத் தோலின்மேல் காந்தப் பூச்சு இருந்தால், வெளிக்காந்தத்தை அணைத்த பிறகும் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஒதுங்க வேண்டும். ஒதுங்கின. அதைத்தான் அவளுடைய வழிகாட்டி மாதவ் இன்று சாயங்காலம் டெல்லியில் மேடையேறிச் சொல்லப் போகிறார். ஒதுக்கியது பூச்சு இல்லை, தாங்கியில் கிடக்கும் இரும்பு என்றால்?

"ஏன் புள்ள, மொகம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே."

ஆய்வகத்துக்கு ஓடினாள். பூச்சே இல்லாத வெறும் படலத்தை அதே தாங்கியில் ஏற்றிக் குளிர்வித்தாள். காந்தத்தை ஏற்றி இறக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் எலக்ட்ரான்கள் ஒதுங்கும் அளவும் பூஜ்யமாக வேண்டும். ஆகிவிட்டால் பிழைத்தாள். யா அல்லா, இந்த ஒரு தடவை என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

காந்தம் பூஜ்யத்துக்கு வந்தது. திரையில் கோடு பூஜ்யத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. எதிர்த்திசையில் ஓட்டினாள். இப்போது கீழே நின்றது. போய்வந்த இரண்டு கோடும் சேர்ந்து, பூச்சுப் படலத்தில் பார்த்த அதே வளையம், பூச்சே இல்லாத படலத்தில்.

பட்டம் போகும், சாரின் பெயர் போகும். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? காந்தம் ஓட்டாத சிராஜுக்கே தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் இன்னும் பயந்துபோனாள். போனை எடுத்தாள்.

"சொல்லும்மா, சீக்கிரம். என் பேரைக் கூப்ட்டுண்டிருக்கா" என்றார் மாதவ். அவருக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

"போகாதீங்க சார். தாங்கியில இரும்பு இருக்கு. நாந்தான் வார்க்கச் சொன்னேன்."