நலமானவர்கள் வரிசையில் என் ரத்தம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த நாற்காலி முதுகை ஒடிக்கும், இந்தப் பக்கம் மெத்தை போட்டிருக்கிறேன். இன்றைக்கு ராஜாவும் இல்லை ராணியும் இல்லை. மாமியாருக்கு நோய் வரக்கூடாது என்பதற்காகத் தன் உழைப்பெல்லாம் பாழாய்ப் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரு மருமகளின் கதையைச் சொல்லப் போகிறேன். நம்ப மாட்டீர்கள். அந்த மாமியார் நான்தான் என்றால் அறவே நம்ப மாட்டீர்கள்.

என் மருமகளுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அங்கே என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "பெரிய ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். தெரியாததைத் தெரிந்த முகத்தோடு சொல்லுவது எனக்குக் கைவந்த கலை. கதை சொல்லுகிறவளுக்கு அது இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஆனாலும் ஒரு நாள் அரிப்புத் தாங்காமல் அவளிடமே கேட்டுவிட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "செல்லுக்குள்ள மரபணு இருக்கு இல்லையா அத்தை, அதுலேர்ந்து ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நகல் எடுக்கும். அந்த நகலைப் பார்த்துத்தான் புரதம் செய்யும். உடம்புல முக்கால்வாசி வேலையைப் புரதந்தான் பார்க்குது."

"சரி."

"ஆனா சில ஆர்.என்.ஏ. புரதமே செய்யாது. ரொம்ப காலம் அதையெல்லாம் குப்பைன்னுதான் நினைச்சாங்க. அப்புறந்தான் தெரிஞ்சுது, அது சும்மா இல்ல. எந்த மரபணு பேசணும், எது வாயை மூடணும்னு அது சொல்லுது. செல் கண்டபடி வளராம பிரேக் போடற மரபணு இருக்கு பாருங்க, அதை இது அடக்கிடுச்சுன்னா புற்றுநோய்க்கு வழி திறந்த மாதிரி."

"தானும் ஒரு வேலை செய்யாது, அடுத்தவங்க வேலையிலயும் மூக்கை நுழைக்கும்."

"அப்படியும் சொல்லலாம்."

"இந்த வீட்டுல அதுக்கு மாமியார்னு பேரு வெச்சிருக்கீங்க."

கூடத்திலிருந்து என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அது உங்க வாயாலயே வந்துடுச்சு, நான் ஒண்ணும் சொல்லல!"

மருமகள் பிடித்து வைத்திருந்தது அந்தக் கூட்டத்தில் ஒன்று. கட்டியிலிருந்து அது ரத்தத்தில் கசிகிறதாம். நோயாளிகளுடைய ரத்தத்தில் ஏராளமாக இருந்தது, நலமானவர்களுடைய ரத்தத்தில் அருகிக் கிடந்தது. இது மட்டும் உறுதியானால், கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு சொட்டு ரத்தத்தில் பிடித்துவிடலாம். கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை. கட்டுரை எழுதி முடித்து அனுப்புகிற நேரம். அது வெளிவந்தால்தான் அந்தக் கூடத்தில் அவளுக்கென்று ஒரு மேசையும், கூட வேலை செய்ய ஆட்களும் நிலைக்கும்.

அந்தச் சமயம் பார்த்து, நலமானவர்களின் ரத்தத்தை அடைத்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்களில் ஒன்று கெட்டுப் போனது. ஆராய்ச்சிக் கூடத்துக்காரர்கள் நலமானவர்களைத் தேடி எங்கும் போவதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். இந்த முறை எல்லோரும் கொடுத்தாகிவிட்டது. "அத்தை, நீங்க கொடுக்கறீங்களா?" என்றாள்.

நான் கையை நீட்டின வேகத்தைப் பார்த்துத் தாதியே பின்வாங்கினாள். நலமானவள் என்று என்னை விஞ்ஞானமே கூப்பிடுகிறது! முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறவள் என்பதை விஞ்ஞானம் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கத் தெருவில் யாரைப் பார்த்தாலும், "என் ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கிட்டாங்க" என்று அறிவித்துக்கொண்டே போனேன். அடுத்த வீட்டுத் தையல்காரி மட்டும், "கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு பார்க்கவா?" என்றாள். அவளோடு நான் பேசுவதை நிறுத்தினேன், மாலை வரைக்கும்.

அதற்கப்புறம் வீட்டில் ஏதோ மாறியது. நான் சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் மருமகள் குறுக்கிடாமல் கேட்டாள். குழாயைச் சரியாக மூடவில்லை என்று குறை சொன்னேன், எழுந்து போய் மூடினாள். எந்த மாமியாருக்கும் இதைவிடப் பயங்கரமான அறிகுறி கிடையாது. ஆனால் என் புத்தி எங்கே போனது தெரியுமா? கடைசியில் என் அருமை இவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "பசி எடுக்குதா அத்தை? எடை குறைஞ்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டபோது, நான் மெலிந்திருக்கிறேன் என்று பாராட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்துத் திரும்பிக்கூடக் காட்டினேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னடி விஷயம்? உள்ளதைச் சொல்லு."

"உங்க ரத்தத்துல அது அதிகமா இருக்கு அத்தை. மறுபடியும் செஞ்சு பார்த்தேன். நோயாளிங்களுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு."

நாற்காலி எங்கே இருக்கிறது என்று தேடி உட்கார்ந்தேன். "அப்போ எனக்குப் புற்றுநோயா?"

"இருக்கலாம். இல்லன்னா என் சோதனையே தப்பு. இத்தனை வருஷமா செஞ்சதெல்லாம் தப்பு."

"ரெண்டுல ஒண்ணா?"

"ரெண்டுல ஒண்ணு."

என் வாய் இருக்கிறதே, அது எந்த நேரத்திலும் சும்மா இராது. "இதுல எது நடக்கணும்னு நீ நினைக்கற?" என்று கேட்டுவிட்டேன்.

"என் சோதனை தப்பா இருக்கணும்." மூச்சுக்கூட விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரத்தை.

அவளுடைய தலைவர் கையிலே வழி வைத்திருந்தார். "ஒரே ஒருத்தர்தானே? கணக்கிலேர்ந்து தூக்கிடுவோம். வீட்டு மனுஷங்களை எடுத்ததே சரியில்ல" என்றாராம். "முதல்ல அவங்களுக்கு என்னன்னு தெரியட்டும் சார்" என்று இவள் கட்டுரையை அனுப்பவிடாமல் நிறுத்தி வைத்தாள்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. சாவதற்கான ஏற்பாடுகளில் இறங்கினேன். நல்ல சால்வையைத் தையல்காரிக்குக் கொடுத்தேன். கடைசியாகச் சொல்லவேண்டிய வார்த்தைகளை யோசித்து வைத்தேன். அவை கொஞ்சம் நீளமாகப் போனதால் சுருக்கினேன், சுருக்கினதில் அழகு போய்விட்டதென்று மறுபடி நீட்டினேன். மகனிடம் சொல்லிக் காட்டினேன். "இவ்வளவு பேசறதுக்கு உடம்புல தெம்பு வேணுமேம்மா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், குரல் உடைந்துவிட்டது.

மருத்துவமனைக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். மருமகள் என் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, இங்க எல்லாருக்கும் தலை நரைச்சிருக்கு."

"உனக்கும் நரைக்கும்டி. இப்ப எதுக்கு அது?"

"எங்க கூடத்துல ஒருத்தருக்குக்கூட நரைக்கல!"

பயத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். "சாயம் பூசியிருப்பாங்க" என்று சமாதானம் சொன்னேன்.

"ஐயோ, அது இல்ல. நோயாளிங்க ரத்தமெல்லாம் இங்கேருந்து வந்தது. நலமானவங்க ரத்தமெல்லாம் பக்கத்து மேசையிலேர்ந்து வந்தது. இங்க எல்லாரும் வயசானவங்க, அங்க எல்லாரும் சின்னப் பசங்க. நான் நோயைத்தான் பார்த்தேனா, வயசைப் பார்த்தேனான்னே தெரியலையே!"

அவள் முகத்தில் ஒரே சமயத்தில் விளக்கு எரிந்தது, வீடும் இடிந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, பேசாதீங்க" என்றான் படம் எடுக்கிறவன். நான் படுத்தபடியே அவனுக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தேன். "அம்மா, உங்களுக்கு உடம்பெல்லாம் நல்லா தெரியுது, வாய் மட்டும் கலங்கலா வருது" என்றான். திரும்பவும் எடுத்தார்கள்.

மறுநாள் மருத்துவர் வாசித்தார். கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு. முழங்காலில் தேய்மானம். கட்டி எங்கேயும் இல்லை. தையல்காரியின் கணிப்பு பலித்துவிட்டதே என்ற வருத்தம்தான் எனக்கு முதலில் வந்தது. மருமகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தன் வேலை இடிந்த நாளில் ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக அழுது நான் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே தலைவரிடம் போய்க் கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் விடவில்லை. "ஒரு கிழவிக்காகவா?" என்றாராம்.

"ஒரே ஒரு கிழவியைத்தான் சார் நாம சேர்த்தோம். அவங்களே கவுத்துட்டாங்க. இன்னும் நிறைய பேரைச் சேர்த்தா என்ன ஆகும்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "எத்தனை கிழவி கிடைப்பாங்க?" என்று கேட்டார்.

கிழவிகளுக்கா நம்மிடம் பஞ்சம்? கிழவர்களும் உண்டு. இந்தக் கட்டடத்திலும் தெருவிலும் சமீபத்தில் உடம்பைச் சோதித்து ஒன்றுமில்லை என்று வந்தவர்களை எல்லாம் திரட்டினேன். யார் அதிக நலம் என்பதில் படிக்கட்டிலேயே இரண்டு பேருக்குச் சண்டை. தையல்காரி என் சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் வாய் வராத ஒரே நேரம் அதுதான்.

எல்லாருடைய ரத்தத்திலும் அது ஏறித்தான் இருந்தது. வயதானால் ஏறுகிற சரக்கு அது. மருமகள் கண்டுபிடித்தது முதுமையை. அதைக் கண்ணாடி வெகுநாளாக எனக்கு இலவசமாகவே சொல்லிவருகிறது.

மருமகளே இந்தக் கட்டடத்தின் கீழ்க்கூடத்துக்கு வந்து ரத்தம் கொடுத்தவர்கள் முன்னால் நின்றாள். "உங்க யாருக்கும் நோய்னு அர்த்தமில்ல. நான்தான் தப்பா நினைச்சுட்டேன். மறுபடியும் முதல்லேர்ந்து செய்யப் போறேன், இந்தத் தடவை வயசுக்கு வயசு சரியா வெச்சு" என்றாள். தலை குனியவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் பின்வரிசையிலிருந்து, "அப்போ எங்க ரத்தத்தைத் திருப்பிக் கொடுப்பியாம்மா?" என்றார்.

"இல்லங்க தாத்தா. இன்னும் கொஞ்சம் வேணும்."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தபால்காரர் சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் பின்னால் தையல்காரி, அவள் பின்னால் நான்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்காவது மருத்துவமனையிலிருந்து காகிதம் வந்தால், அது படிக்கப் படிக்கச் சலிப்புத் தட்டுகிற காகிதமாக இருக்கட்டும். உழைத்தது இடிந்து வருகிறவருக்குக் கதவைத் திறக்க உங்கள் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நலமாக இருங்கள்.