ஐப்பசிப் பள்ளம்

கணக்கு வாத்தியார் துரைராசுவுக்கு ஆறு வருஷமாக ஒரு தொல்லை. காலையில் ஆஜர் எடுத்துவிட்டுப் பதிவேட்டை மூடும்போது, கடைசிப் பெயருக்கும் பின்னால் "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வரும். பெண்பிள்ளைக் குரல். வேறு யார் காதிலும் விழாது. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேப்பிலை அடிக்க இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஆட்சி மாறி, 'பிரசன்ட் சார்' போய் 'உள்ளேன் ஐயா' வந்த புதிதில், அதை வகுப்பே அதிரும்படி சொன்னவள் அம்சம். பண்ணையாள் கண்ணுசாமியின் மகள். மறு வருஷம் ஐப்பசியில் கூலித் தகராறு முற்றி, மிராசுதாரின் ஆட்கள் அவர்கள் தெருவுக்குத் தீ வைத்தார்கள். அம்சம் குடிசையோடு போனாள். மிச்சமிருந்த சனம் ஊரைவிட்டே ஓடியது.

பதினைந்து நாள் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அப்போதைய தலைமையாசிரியர் சொன்னபடி, அந்தத் தெருப் பிள்ளைகளின் பதினோரு பெயருக்கும் துரைராசு ஒரே காரணம் எழுதினார்: 'பெற்றோருடன் வெளியூர் சென்றது.' விசாரிக்க வந்தவர்கள் அந்த வரியைக் காட்டித்தான், அம்சம் சாகவே இல்லை என்று வழக்கை மூடினார்கள்.

இந்த வருஷம் புதிதாக வந்த சரித்திர டீச்சர் தர்மாம்பாள், சனிக்கிழமைக் கூட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தாள். அவரவர் பாடத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் ஒருவரிடம் ஒருவர் படிப்போம் என்றாள். அதிராம்பட்டினத்துக்காரரான விஞ்ஞான வாத்தியார் மூஸா, வடை உண்டென்றால் எதற்கும் சரி என்பவர். துரைராசுவும் விளையாட்டாகத்தான் உட்கார்ந்தார். பத்து வாரத்தில் அவருக்கே ருசி தட்டிவிட்டது.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், வயல் வேலை பள்ளிக்கூடத்தை எப்படிக் காலி செய்கிறது என்பது. பழைய பதிவேடுகளில் மாதாமாதம் வந்த பிள்ளைகளை எண்ணி, துரைராசு கட்டத்தாளில் கோடு இழுத்தார். அந்த ஒரு வருஷத்தை விட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் கோடு நடுவில் அறுந்து நின்றது, கணக்கு வாத்தியாருக்குக் கை பொறுக்கவில்லை. அதையும் போட்டுவிட்டார்.

கோடு இறங்கிய இடமெல்லாம் மூஸா காரணம் சொல்லிக்கொண்டே வந்தார். "இது குறுவை நடவு. இது சம்பா அறுப்பு." அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. "ஐப்பசியில என்னங்க இவ்வளவு பெரிய பள்ளம்? அடைமழையில யாரு அறுக்கப் போறா?"

"வெள்ளம்" என்றார் துரைராசு.

"வெள்ளம்னா, வடிஞ்சதும் பிள்ளைங்க வந்திருக்கணுமே சார்" என்றாள் தர்மாம்பாள். "கோடு அப்புறம் ஏறவே இல்லையே. அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

அதே மிராசுதார்தான் இன்றைக்கும் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர். வாயைத் திறந்தால் வேலை போகும். வீட்டில் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள். துரைராசு பதிவேட்டைப் பிரித்தார். சிவப்பில் அடித்திருந்த அம்சத்தின் பெயர்மேல் விரலை வைத்தார்.

"அம்சம் வெளியூர் போகலைங்க. மிராசுதார் ஆளுங்க அவங்க தெருவுக்கு வச்ச தீயில செத்துப்போச்சு. தெரிஞ்சேதான் பொய் எழுதினேன்."

மூஸா கையிலிருந்த வடையை இலையில் வைத்தார். தர்மாம்பாள் திட்டுவாள் என்று துரைராசு எதிர்பார்த்தார். அவள் சிவப்பு மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "எழுதுங்க சார். நாங்க ரெண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடுறோம்."

பழைய வரியை அடித்துவிட்டு, 'குடிசையில் எரிக்கப்பட்டு இறந்தாள்' என்று எழுதித் தேதி போட்டார். மூவரும் கையெழுத்திட்டார்கள். அதற்கொரு நகல் எடுத்து, ஊரைவிட்டு ஓடி இப்போது குத்தாலத்தில் இருக்கும் அம்சத்தின் அப்பா கண்ணுசாமிக்கு அன்றே தபாலில் அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை ஆஜர் எடுத்தார். கடைசிப் பெயர் முடிந்தது. பதிவேட்டை மூடாமல் காத்திருந்தார். பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

ஆறு வருஷம் ஒரு நாள் தவறாமல் வந்த பிள்ளை, அன்றைக்குத்தான் வரவில்லை.