பின்பக்கத்துக் கடைசிப் பாட்டு

…அப்படியானால் அந்தப் பாட்டின் நடுவே வரும் கூவல் யாருடையது, தன்னுடையதா, ஆர்லீனுடையதா, வெளியே கேட்டால் ஃபிலடெல்ஃபியாவே சிரிக்கும், சொந்தக் குரலே தெரியாதவள் பாட்டுக்காரியாம் என்று… டெல்ஃபீன் தலையைத் திருப்பப் பார்த்தாள். "ஆடாதடி, காது வெந்துரும்," என்றாள் மிஸ் ஹேஸல், முடியை நேராக்கும் சூடேறிய சீப்பை உயர்த்திப் பிடித்தபடி, அந்தச் சிகைக்கடை அவளுடையது. சரி, ஆடவில்லை, எதிரே கண்ணாடி இருக்கிறது, அதில் பக்கத்து நாற்காலி தெரிகிறது, தலை நிறைய முடி சுருட்டும் ரோலருடன் ஆர்லீன், சிறுவயதில் தேவாலயப் பாடற்குழுவில் தோளோடு தோள் நின்றவள், இப்போது டெல்ஃபீனின் ஆல்பத்தில் துணைக்குரல் பாடுகிறவள், பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறாள். படிக்கிறாளா, ஒளிகிறாளா? வானொலியில் அதே பாட்டுதான், இசைத்தட்டின் பின்பக்கத்துக் கடைசிப் பாட்டு, தொடங்கியிருந்தது.

பாட்டைப் பதிவுசெய்த அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல், அது நிச்சயம், இருமல் மருந்தைக் குடித்துவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குப் போனாள். லின்வுட்தான் ஆல்பத்தின் தயாரிப்பாளர், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான், "ஆர்லீன், நீ ஒரு தடவை பாடி வை, இவ கேட்டுப் பழகிக்கட்டும்." ஆர்லீன் பாடும்போது டெல்ஃபீன் கேட்காமலே வெளியே போய்ப் படுத்துவிட்டாள். பிறகு தானும் பாடினாள், பாடினாள்தானே, எத்தனை தடவை? அந்தக் கூவலை எட்டினாளா, எட்டியதாகக் கனவு கண்டாளா? ஒலிநாடாவை வெட்டி ஒட்டுகிறவனுக்கு நல்லது எதுவோ அதுதான் வேண்டும், யாருடையது என்று பார்ப்பானா. லின்வுட்டைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "எல்லாம் நீதான் செல்லம்," என்று சிரித்தான். அவனுக்குப் பால்காரன்கூடச் செல்லம்தான்.

குளியலறையில் பாடிப் பார்த்தாள், கூவல் ஒருநாள் வந்தது, மறுநாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை மேடை. வயலின்கள் ஓய்ந்து டிரம் மட்டும் மிஞ்சும் அந்த இடத்துக்காகத்தான் சனம் வரும், ஆடுகிற கால்கள் எல்லாம் அந்தக் கூவலுக்காகக் காத்திருக்கும். வராவிட்டால் அவமானம். வந்துவிட்டாலும் அது ஆர்லீனிடமிருந்து எடுத்ததாக இருந்தால்? அவள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாய் மூடியிருக்க வேண்டியவள் நானல்லவா, அவளுமா? எல்லாம் சிஸ்டர் மோஸ்லி செய்த வேலை, பாடற்குழுவில் பிரம்போடு நின்றுகொண்டு, "உன் குரல் உனக்கே தனியா கேட்டுச்சுன்னா நீ தப்பாப் பாடுறேன்னு அர்த்தம்," என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரையும் ஒன்றாய்க் கரைத்துவிட்டாள், சர்க்கரை எது பால் எது என்று இப்போது யார் பிரிப்பது…

டிரம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கூவல். மிஸ் ஹேஸல் சீப்பை நிறுத்திவிட்டு, "அம்மாடி! எப்பக் கேட்டாலும் உடம்பு சிலிர்க்குதுடி," என்றாள். கண்ணாடியில் ஆர்லீனின் கால் தாளம் போடுவது நின்றது. டெல்ஃபீனுக்குப் பயமாக இருந்தது, கேட்காமலே இருந்துவிடலாம், இத்தனை நாள் இருக்கவில்லையா… ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஆர்லீன், அந்த இடத்தை ஒரு தடவ பாடேன்."

"இப்பவா? சரி, நீ ஆரம்பி, நான் சேந்துக்கறேன்."

"இல்லடி. தனியா. நீ மட்டும்."

பத்திரிகை மெல்ல இறங்கியது. கேலி செய்கிறாளோ என்று ஆர்லீன் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தாள். "நான் மட்டுமா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அன்னைக்குப் பாடினத லின்வுட் எனக்குப் போட்டுக் காட்டவே இல்லையேடி. வானொலில வர்றப்பல்லாம் நானும் கேட்டுக் கேட்டுப் பாக்கறேன். நான் தனியாப் பாடினா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல."

எனக்கும் தெரியாதே, என்று நினைத்தாள் டெல்ஃபீன். இத்தனை வருடம் ஒரே மூச்சில் பாடியும் இவள் தனியாகப் பாடி ஒருநாளும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை… வானொலியில் வேறு பாட்டு ஆரம்பித்துவிட்டது. மிஸ் ஹேஸல் எட்டி அதை அணைத்தாள். ஆர்லீன் மூச்சை இழுத்தாள்.